பக்கத்துக்குள் ஒரு மரம்: இணைய உறுப்புகளைக் கையாளும் ஸ்கிரிப்ட் முறைகள்

இணையப் பக்கம் ஒன்றில் பொத்தானை அழுத்தியதும் பட்டியல் விரிவதும், படிவத்தில் தவறான எண்ணை இட்டவுடன் அதன் கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தோன்றுவதும், பக்கம் மீண்டும் ஏற்றப்படாமலேயே புதிய செய்திகள் வந்து சேர்வதும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்களின் வேலையாகும். ஸ்கிரிப்ட் எனப்படும் இந்நிரல்கள் பக்கத்தின் உறுப்புகளைத் தேடிப் பிடிக்கவும், அவற்றின் உள்ளடக்கத்தை மாற்றவும், புதிய உறுப்புகளைச் சேர்க்கவும், பயனர் செய்வதைக் கவனிக்கவும் பல முறைகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் அன்றாட வேலையில் திரும்பத் திரும்பக் கையாளப்படுபவை மிகச் சில. அவற்றைப் புரிந்துகொள்ள முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. ஸ்கிரிப்ட் தொடுவது சர்வரில் இருக்கும் பக்கத்தை அன்று. அதைப் படித்து உலாவி தனக்கெனக் கட்டிக்கொண்ட பிரதியைத்தான். இம்முறைகளின் ஆற்றலும், எல்லையும், அவற்றைக் கையாளும்போது நேரும் பிழைகளும் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

மூலமும் மரமும்

சர்வரிலிருந்து வந்து சேரும்போது இணையப் பக்கம் வெறும் எழுத்துத் தொடர்தான். தலைப்பு எது, பத்தி எது, படம் எது என்பதை எச்டிஎம்எல் என்ற குறிமொழியின் டேக்குகள் அத்தொடரில் அடையாளம் காட்டுகின்றன. உலாவி அந்த எழுத்துத் தொடரை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், கணினியின் நினைவகத்தில் மரவடிவ அமைப்பொன்றைக் கட்டுகிறது. அம்மரத்தின் உச்சியில் ஆவணம் நிற்க, அதன் கீழே தலைப்பகுதியும் உடற்பகுதியும் பிரிய, உடற்பகுதிக்குள் பட்டியலும் பட்டியலுக்குள் அதன் வரிகளும் வரிகளுக்குள் பொத்தான்களும் அடங்குகின்றன. டேக்கால் குறிக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் உறுப்பு எனப்படும். உறுப்புகளுக்குள் இருக்கும் எழுத்துகளும் தனித்தனிக் கணுக்களாகவே மரத்தில் இடம்பெறுகின்றன. ஒன்றை உள்ளடக்கிய உறுப்பு பெற்றோர் என்றும், உள்ளடங்கியவை பிள்ளைகள் என்றும், ஒரே பெற்றோரின் கீழ் வருபவை உடன்பிறப்புகள் என்றும் நிரலர்களால் அழைக்கப்படுகின்றன. இந்த மரத்தையும், அதை நிரல்கள் அணுகுவதற்கான விதிகளையும் சேர்த்து ஆவணப் பொருள் மாதிரி, அதாவது டாக்குமென்ட் ஆப்ஜெக்ட் மாடல் என்பர்; அதன் சுருக்கப் பெயரான டாம் என்பதே துறையில் வழங்குகிறது.

மூல எழுத்தும் மரமும் ஒன்றல்ல என்பதை ஓர் அட்டவணையைக் கொண்டே காணலாம். அட்டவணைக்கான டேக்கையும் அதனுள் வரிசைகளுக்கான டேக்குகளையும் மட்டும் எழுதி ஒரு பக்கத்தை உருவாக்கினால், உலாவி கட்டும் மரத்தில் அட்டவணைக்கும் வரிசைகளுக்கும் நடுவே டீபாடி என்ற புதிய உறுப்பு ஒன்று தானாக முளைத்திருக்கும். எழுதியவர் அதை எங்கும் எழுதியிருக்கமாட்டார். எச்டிஎம்எல்லைப் படித்து மரம் கட்டுவதற்கான விதிகள் அவ்விடத்தில் அப்படியோர் உறுப்பைச் சேர்க்கச் சொல்வதால் உலாவியே அதைச் சேர்த்துக்கொள்கிறது. மூடப்படாமல் விடப்பட்ட பட்டியல் வரிகளை உரிய இடத்தில் மூடுவதும் இவ்வாறே நிகழ்கிறது. எனவே அட்டவணையின் நேர்ப் பிள்ளைகள் வரிசைகளே என்று எண்ணி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் ஒரு வரிசையையும் காணாமல் வெறுங்கையோடு திரும்பும். உலாவியில் பக்கத்தின் மூலத்தைக் காட்டும் வசதி சர்வர் அனுப்பிய எழுத்தைக் காட்டுகிறது. எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் நிரலர் கருவிகள் அப்போதைய மரத்தைக் காட்டுகின்றன.

இரண்டு உலாவிகளும் ஓர் உடன்பாடும்

இன்று எல்லா உலாவிகளிலும் ஒரே முறை ஒரே விளைவைத் தருவது இயல்பானதாகத் தோன்றினாலும், அந்நிலை எளிதில் வந்ததன்று. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாள்களில் ஸ்கிரிப்டுகள் எழுதப்படும் நிரல்மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். மோக்கா என்றும் பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அது அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அதனால் பக்கத்தின் சில பகுதிகளை மட்டுமே தொட முடிந்தது. படிவங்களும் இணைப்புகளும் முதலில் அதன் கைக்கு வந்தன. 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் மூன்றாம் பதிப்பு உலாவியில் படங்களும் சேர்ந்தன. சுட்டியை மேலே கொண்டுசென்றால் படம் மாறும் பொத்தான்கள் அக்காலப் பக்கங்களில் பெருகியதற்கு இதுவே காரணம். பத்திகளையோ தலைப்புகளையோ மாற்ற அன்றைய ஸ்கிரிப்டுக்கு வழியே இல்லை.

1997இல் வெளியான நான்காம் பதிப்புகளில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் எதிரெதிர்த் திசைகளில் சென்றன. நெட்ஸ்கேப் பக்கத்தை அடுக்குகளாகப் பிரித்து லேயர்ஸ் என்ற வழியில் அவற்றை அணுக, மைக்ரோசாஃப்ட் டாக்குமென்ட் ஆல் என்ற தொகுப்பின் வழியே பக்கத்தின் எல்லா உறுப்புகளையும் திறந்துவிட்டது. பக்கம் எழுதுவோர் ஒரே வேலைக்கு இரண்டு நிரல்களை எழுதி, எந்த உலாவி என்று சோதித்து, அதற்கேற்ற ஒன்றை இயக்க வேண்டியதாயிற்று. இக்குழப்பத்துக்குத் தீர்வாக உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 அக்டோபர் 1 அன்று டாமின் முதல் நிலைத் தரத்தையும், 2000 நவம்பரில் பயனரின் செயல்கள் போன்ற நிகழ்வுகளுக்கான விதிகளையும் உள்ளடக்கிய இரண்டாம் நிலைத் தரத்தையும் வெளியிட்டது. தரம் வந்தவுடன் உலாவிகள் ஒன்றுபட்டுவிடவில்லை. நிகழ்வுகளைக் கவனிக்கும் தர முறையை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் ஏற்றது. அந்த இடைவெளியை நிரப்பவே ஜான் ரெசிக் 2006இல் ஜேகுவெரி என்ற நிரல் நூலகத்தை வெளியிட்டார். உலாவிகளின் வேறுபாடுகளைத் தன்னுள் மறைத்துக்கொண்டு நிரலருக்கு ஒரே முகத்தைக் காட்டிய அந்நூலகம் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. இன்று டாமின் விதிகளை வாட்விஜி என்ற குழு, முடிவுறாது திருத்தப்பட்டுவரும் வாழும் தரமாகப் பேணிவருகிறது. இவ்வேற்பாட்டை வலைக் கூட்டமைப்பு 2019இல் ஒப்புக்கொண்டது.

அந்தப் போட்டிக்காலத்தின் தழும்பு ஒன்று இன்றும் தரத்திலேயே பதிந்திருக்கிறது. டாக்குமென்ட் ஆல் என்ற பழைய தொகுப்பு இன்றைய உலாவிகளிலும் இருக்கிறது. ஆனால் அது இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் கேட்டால் இல்லை என்ற விடையே கிடைக்கும்படி தரம் விதிக்கிறது. அத்தொகுப்பு இருந்தால் மைக்ரோசாஃப்டின் வழி, இல்லாவிட்டால் பொதுவழி என்று எழுதப்பட்ட பழைய பக்கங்கள் பொதுவழியிலேயே செல்லவும், எதையும் கேளாமல் நேரே அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் உடையாமல் இருக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

தேடிப் பிடித்தல்

மரத்தில் எதைச் செய்வதானாலும் உரிய உறுப்பை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நூலகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் நூல்களின் பட்டியலும், ஒவ்வொரு நூலின் அருகே முன்பதிவுப் பொத்தானும், மேலே ஒரு தேடல் பெட்டியும் இருப்பதாகக் கொள்வோம். பட்டியலுக்கு ஐடி என்னும் தனி அடையாளம் கொடுக்கப்பட்டிருந்தால், கெட் எலிமென்ட் பை ஐடி என்ற முறை அதை நேரே எடுத்துத் தரும். நிரலில் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்படும் இத்தகைய பெயர்கள் இக்கட்டுரையில் படிப்பதற்கு வசதியாகப் பிரித்துத் தரப்படுகின்றன. இம்முறையின் ஆங்கிலப் பெயரில் ஈற்றிலுள்ள ஐடி என்பதன் முதலெழுத்து பெரிய எழுத்தாகவும் அடுத்தது சிறிய எழுத்தாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் பெரிய எழுத்தாக அடித்துவிட்டால் அப்படியொரு முறையே இல்லை என்று உலாவி பிழை காட்டும். புதிதாகக் கற்போர் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

பல உறுப்புகளுக்குப் பொதுவாகத் தரப்படும் பெயர் கிளாஸ் எனப்படும். முன்பதிவுப் பொத்தான்கள் அனைத்துக்கும் ஒரே கிளாஸ் இருந்தால் கெட் எலிமென்ட்ஸ் பை கிளாஸ் நேம் என்ற முறை அவற்றை ஒரு தொகுப்பாகத் தரும். இவ்விரண்டையும் விட விரிந்த ஆற்றல் உடையவை குவெரி செலக்டர், குவெரி செலக்டர் ஆல் என்ற முறைகள். பக்கத்தின் நிறமும் அளவும் போன்ற தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் என்னும் மொழியில், இன்ன பட்டியலுக்குள் இன்ன வகைப் பொத்தான் என்று உறுப்புகளைச் சுட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அதே சுட்டுமுறையைத் தேடலுக்கும் பயன்படுத்தலாம் என்பதை ஜேகுவெரி பரவலாக்க, 2008, 2009ஆம் ஆண்டுகளில் உலாவிகள் அவ்வசதியைத் தாமே தரத் தொடங்கின. குவெரி செலக்டர் பொருந்தும் முதல் உறுப்பை மட்டும் தர, குவெரி செலக்டர் ஆல் பொருந்துவன அனைத்தையும் தருகிறது. ஓர் உறுப்பிலிருந்து மேல்நோக்கிச் சென்று பொருந்தும் முதல் மூதாதையைக் காண குளோசஸ்ட் என்ற முறை உதவுகிறது. அழுத்தப்பட்ட பொத்தான் எந்த நூலின் வரியில் இருக்கிறது என்பதை அறிய அதுவே எளிய வழி.

கிளாஸ் பெயரால் பெறும் தொகுப்புக்கும் குவெரி செலக்டர் ஆல் தரும் தொகுப்புக்கும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. பின்னது அச்சடித்து வெளியிட்ட வாக்காளர் பட்டியல் போன்றது. எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். முன்னதோ மரம் மாறுந்தோறும் தானும் மாறும் உயிருள்ள தொகுப்பு. நான்கு வரிகளுக்குப் புதியது என்ற கிளாஸ் இருந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கிளாஸை நீக்க, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழல் ஒன்று எழுதப்பட்டால், முதல் வரியின் கிளாஸ் நீங்கிய கணமே அவ்வரி தொகுப்பிலிருந்து விழுந்துவிடும். இரண்டாவதாக இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட, சுழலோ இரண்டாம் இடத்தை நோக்கி நகர்ந்திருக்கும். விளைவாக ஒன்றும் மூன்றும் மாற, இரண்டும் நான்கும் தப்பிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று மட்டும் மாறியிருக்கும் பக்கத்தைக் கண்டால் அனுபவமுள்ள நிரலர் முதலில் ஐயுறுவது இதைத்தான்.

தேடியது கிடைக்காதபோது, ஒற்றை உறுப்பைத் தேடும் முறைகள் நல் என்ற வெறுமையைத் தருகின்றன. அதைச் சோதிக்காமல் அதன் உள்ளடக்கத்தை மாற்ற முயன்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஐடி சரியாக இருந்தும் வெறுமை கிடைப்பதற்குப் பெரும்பாலும் நேரமே காரணம். உலாவி மேலிருந்து கீழாகப் படித்து மரத்தைக் கட்டுவதால், பக்கத்தின் தலைப்பகுதியில் வைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் ஓடும்போது உடற்பகுதியின் உறுப்புகள் இன்னும் பிறந்திருக்கமாட்டா. தனிக் கோப்பாக உள்ள ஸ்கிரிப்டின் டேக்கில் டிஃபர் என்ற பண்பை, அதாவது கூடுதல் குறிப்பை, இட்டால், மரம் முழுவதும் கட்டப்பட்ட பின்னரே அது ஓடும்; மரம் முடிந்ததை அறிவிக்கும் டாம் கன்டென்ட் லோடெட் என்ற நிகழ்வுக்காகக் காத்திருந்தும் வேலையைத் தொடங்கலாம்.

எழுத்தும் குறியும்

கிடைத்த உறுப்பின் உள்ளடக்கத்தைப் படிக்கவும் மாற்றவும் மூன்று வழிகள் பெருவழக்கில் உள்ளன. டெக்ஸ்ட் கன்டென்ட் என்பது உறுப்புக்குள் உள்ள எழுத்துகளை எல்லாம் உள்ளபடியே தருகிறது. இன்னர் டெக்ஸ்ட் என்பது திரையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் தருகிறது. சிஎஸ்எஸ்ஸால் மறைக்கப்பட்ட பகுதியை அது விட்டுவிடும், அதனாலேயே தோற்றத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால் சற்று மெதுவானது. மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தி, பிறகு எல்லா உலாவிகளும் ஏற்றுக்கொண்ட இன்னர் எச்டிஎம்எல் என்ற மூன்றாவது வழி, கொடுத்த எழுத்துத் தொடரை எச்டிஎம்எல்லாகவே படித்து, அதிலுள்ள டேக்குகளிலிருந்து புதிய கிளைகளை எழுப்பிவிடுகிறது. பத்து வரி நிரலில் செய்ய வேண்டியதை ஒரே வரியில் முடிப்பதால் அது பலருக்கும் பிடித்தமானது. மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டியதும் அதுவே.

நூலகப் பக்கத்தில் வாசகர் எழுதும் மதிப்புரையை டெக்ஸ்ட் கன்டென்ட் வழியே காட்டினால், அவர் எழுதியது எதுவாயினும் எழுத்தாகவே திரையில் தோன்றும். அதையே இன்னர் எச்டிஎம்எல் வழியே காட்டினால், மதிப்புரைக்குள் ஒருவர் டேக்குகளை எழுதியனுப்ப, அவை உறுப்புகளாக உயிர்பெற்றுவிடும். அவ்வழியில் நுழையும் ஸ்கிரிப்ட் டேக் ஓடாது என்று தரம் தடுத்திருப்பது உண்மைதான். ஆயினும், இல்லாத படம் ஒன்றைச் சுட்டி, படம் ஏறாவிட்டால் இன்ன கட்டளையை இயக்கு என்ற பண்பையும் சேர்த்துவிட்டால் அக்கட்டளை ஓடிவிடும். பிறர் எழுதிய நிரல் இவ்வாறு ஒரு தளத்தின் பெயரால் வாசகரின் உலாவியில் ஓடுவதைக் குறுக்குத்தள ஸ்கிரிப்ட் தாக்குதல் என்பர்.

இத்தாக்குதலின் வேகத்தை உலகுக்குக் காட்டியது 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் சாமி காம்கர் என்ற இளைஞர் ஏவிய நிரற்புழு. அவருடைய பக்கத்தைப் பார்த்தவரின் சுயவிவரப் பக்கத்தில் அந்நிரல் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, அப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கும் பரவ, சுமார் 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளை எட்டியது. மைஸ்பேஸ் தன் பயனர்கள் எழுதுவதில் இன்னர் எச்டிஎம்எல் என்ற சொல் எங்கு வந்தாலும் அதை நீக்கிவிடும் வடிகட்டியை வைத்திருந்தது. காம்கர் அச்சொல்லை இரண்டு துண்டுகளாக எழுதி, ஓடும் நேரத்தில் ஒட்டிக்கொள்ளச் செய்து அதைக் கடந்தார். ஆபத்தான சொற்களைத் தேடி நீக்குவது பாதுகாப்பாகாது என்பதும், வெளியார் எழுதியதை எழுத்தாக மட்டுமே நடத்தும் முறைகளைப் பயன்படுத்துவதே முறை என்பதும் அந்நிகழ்ச்சி தந்த பாடம்.

உள்ளடக்கம் தவிர, உறுப்புகளின் பண்புகளையும் தோற்றத்தையும் மாற்றும் முறைகள் உண்டு. டேக்குக்குள் எழுதப்படும் கூடுதல் குறிப்புகளான பண்புகளை கெட் ஆட்ரிபியூட் படிக்க, செட் ஆட்ரிபியூட் மாற்றுகிறது. தோற்றத்தை மாற்ற நிறத்தையும் அளவையும் ஒவ்வொன்றாக ஸ்கிரிப்டிலேயே எழுதுவதைவிட, அவற்றை ஒரு கிளாஸின் பெயரில் சிஎஸ்எஸ்ஸில் எழுதிவைத்து, கிளாஸ் லிஸ்ட் என்பதன் துணையால் அக்கிளாஸைச் சேர்ப்பதும் நீக்குவதும் சிறந்தது. அதிலுள்ள டாகிள் என்ற முறை, கிளாஸ் இருந்தால் நீக்கி, இல்லாவிட்டால் சேர்க்கிறது; விரிந்து சுருங்கும் பட்டியல்களில் பல இந்த ஒரு முறையை நம்பியே இயங்குகின்றன.

ஆக்குதலும் அகற்றுதலும்

புதிய உறுப்பை உருவாக்க கிரியேட் எலிமென்ட் என்ற முறை இருக்கிறது. அது உருவாக்கும் உறுப்பு பிறந்தவுடன் திரையில் தெரிவதில்லை. அப்பெண்ட் அல்லது இன்சர்ட் பிஃபோர் போன்ற முறையால் மரத்தில் ஓர் இடத்தில் பொருத்தப்பட்ட பின்னரே தெரியும். ரிமூவ் என்ற முறை உறுப்பை மரத்திலிருந்து கழற்றுகிறது. ஓர் உறுப்பு ஒரே நேரத்தில் மரத்தின் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பதால், முன்பே பக்கத்தில் உள்ள ஒன்றை வேறிடத்தில் அப்பெண்ட் செய்தால் அது படியாகாமல் இடம் பெயர்ந்துவிடும். இரண்டிடத்திலும் வேண்டுமானால் குளோன் நோட் என்ற முறையால் முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். நூற்பட்டியலை எழுத்து வரிசையில் அடுக்கும் ஸ்கிரிப்ட் இப்பண்பையே துணையாகக் கொண்டு, வரிகளைச் சரியான வரிசையில் மீண்டும் அப்பெண்ட் செய்துகொண்டே போக, அவை தாமாகவே இடம் மாறி வரிசைப்பட்டுவிடுகின்றன.

நூற்றுக்கணக்கான வரிகளைச் சேர்க்கும்போது, டாக்குமென்ட் ஃபிராக்மென்ட் என்ற தனித்துண்டில் அவற்றை எல்லாம் முதலில் தொகுத்து, பிறகு ஒரே முறையில் மரத்தில் பொருத்துவது வழக்கம். வேகத்தைக் குலைப்பது பெரும்பாலும் சேர்ப்பதைவிட, சேர்ப்பதற்கு நடுநடுவே அளப்பதுதான். மரத்தில் நிகழும் மாற்றங்களை உலாவி உடனுக்குடன் திரையில் வரையாமல் தேக்கிவைத்து, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் சுமார் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை சேர்த்து வரைகிறது. ஸ்கிரிப்ட் ஓர் உறுப்பை மாற்றியவுடன் அதன் உயரத்தைக் கேட்டால், சரியான விடை தருவதற்காக உலாவி பக்கத்தின் அமைப்பை அப்போதே கணக்கிட நேர்கிறது. மாற்று, அள, மாற்று, அள என்று சுழல் ஓடினால் இக்கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் நடந்து பக்கம் தடுமாறும். வேண்டியவற்றை எல்லாம் முதலில் அளந்துகொண்டு, பிறகு மாற்றங்களை ஒருசேரச் செய்வதே இதற்கு மருந்து.

நிகழ்வுகளைக் கவனித்தல்

பயனர் அழுத்துவதையும், தட்டச்சு செய்வதையும், படிவத்தை அனுப்புவதையும் உலாவி நிகழ்வுகளாக அறிவிக்கிறது. ஆட் ஈவன்ட் லிசனர் என்ற முறையால், இன்ன உறுப்பில் இன்ன நிகழ்வு நேர்ந்தால் இன்ன வேலையைச் செய் என்று ஸ்கிரிப்ட் பதிந்துவைக்கிறது. நிகழ்வு ஓர் உறுப்போடு முடிந்துவிடுவதில்லை. ஆவணத்தின் உச்சியிலிருந்து உறுப்பை நோக்கி இறங்கும் கட்டம் ஒன்றும், உறுப்பிலிருந்து மீண்டும் உச்சிவரை ஏறும் கட்டம் ஒன்றும் அதற்கு உண்டு. பழைய நெட்ஸ்கேப் முதல் கட்டத்தையும் மைக்ரோசாஃப்ட் இரண்டாவதையும் மட்டுமே பின்பற்ற, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து இணைத்ததே 2000ஆம் ஆண்டுத் தரம் கண்ட சமரசம்.

மேலேறும் கட்டத்தால் பெரிய வசதி ஒன்று கிடைக்கிறது. 500 நூல்களின் 500 பொத்தான்களுக்கும் தனித்தனியே கவனிப்பைப் பதியாமல், அவை அனைத்தையும் உள்ளடக்கிய பட்டியலில் மட்டும் ஒன்றைப் பதிந்து, மேலேறி வரும் நிகழ்வு எந்தப் பொத்தானில் தொடங்கியது என்பதை நிகழ்வுப் பொருளின் டார்கெட் என்ற குறிப்பிலிருந்து அறிந்துகொள்ளலாம். பின்னர் பட்டியலில் சேரும் புதிய நூல்களுக்கும் அந்த ஒரு பதிவே போதும். நிகழ்வுக்கு உலாவி இயல்பாகச் செய்யும் வேலையைத் தடுக்க பிரிவென்ட் டிஃபால்ட் என்ற முறை பயன்படுகிறது. படிவம் பிழையோடு அனுப்பப்படும்போது அதை நிறுத்திவைப்பது இதன் வேலைகளுள் ஒன்று.

தட்டச்சைக் கவனிக்கும்போது தமிழ் போன்ற மொழிகள் தனிக் கவனத்தைக் கோருகின்றன. கீடவுன் என்ற நிகழ்வு விசை அழுத்தப்பட்டதைச் சொல்லுமே தவிர எந்த எழுத்து உருவானது என்பதைச் சொல்லாது. ஒலிபெயர்ப்பு முறையிலும் கைப்பேசி விசைப்பலகையிலும் பல தட்டல்கள் சேர்ந்தே ஓர் எழுத்து உருவாவதால், பெட்டியின் மதிப்பு மாறியதை அறிவிக்கும் இன்புட் என்ற நிகழ்வை நாடுவதே பொருத்தம். எழுத்தெண்ணிக்கையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. கோயம்புத்தூர் என்பதில் தமிழ் முறைப்படி ஏழு எழுத்துகளே உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட்டின் லென்த் என்ற அளவோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி 13 என்று விடை தரும். ஊர்ப்பெயர்ப் பெட்டிக்கு மேக்ஸ்லென்த் என்ற பண்பால் 10 என்று வரம்பிட்டால், ஏழெழுத்துப் பெயர் முழுவதும் ஏறாமல் நடுவிலேயே தட்டச்சு நின்றுவிடும். இன்ட்ல் செக்மென்டர் என்ற புதிய வசதி எழுத்துகளைப் படிப்பவர் காணும் அலகுகளாகப் பிரித்து ஏழு என்றே எண்ணித் தருவதால், தமிழ்ப் படிவங்களின் வரம்பை அதைக் கொண்டு சோதிப்பதே தகும்.

பிரதியின் எல்லை

மூலமும் மரமும் வேறு என்ற உண்மை படிவங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது. பெட்டிக்குள் சென்னை என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்து, வாசகர் அதை அழித்து மதுரை என்று எழுதினால், வேல்யூ என்ற பண்பை கெட் ஆட்ரிபியூட் வழியே கேட்கும் ஸ்கிரிப்டுக்குச் சென்னை என்றே விடை வரும். உறுப்பின் வேல்யூ என்ற நடப்பு மதிப்பை நேரே கேட்டால்தான் மதுரை என்று கிடைக்கும். முன்னது மூலத்தில் எழுதப்பட்டதையும் பின்னது இப்போதுள்ளதையும் சொல்கின்றன.

மரம் உலாவியின் பிரதியே என்பதால் அதை மாற்றும் உரிமை தளத்தின் ஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியதன்று. நிரலர் கருவிகளில் உள்ள கன்சோல் என்ற பகுதியைத் திறந்து இதுவரை சொன்ன எந்த முறையையும் எவரும் இயக்கிப் பார்க்கலாம். செய்தித்தளத்தின் தலைப்பை மாற்றலாம், விலையை மாற்றலாம், முடக்கப்பட்ட பொத்தானை இயக்கலாம். மாற்றம் அந்த ஓர் உலாவியில் மட்டுமே தெரியும். பக்கத்தை மீண்டும் ஏற்றினால் சர்வரில் உள்ளதே திரும்ப வரும். கற்போருக்கு இது அச்சமின்றிப் பழகிப் பார்க்கக் கிடைத்த களம். மோசடிக்காரருக்கும் இதுவே கருவியாகிறது. பணத்தைத் திருப்பித் தருவதாக அழைத்து, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்து, வங்கிப் பக்கத்தில் இருப்புத் தொகையின் எழுத்தை மாற்றிக் காட்டி, தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கும் ஏமாற்று இந்த முறைகளைக் கொண்டே நடக்கிறது. கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. பிறர் அனுப்பிய நிரலைக் கன்சோலில் ஒட்டச் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒட்டியவரின் கணக்கில் அவர் பெயராலேயே அது ஓடும் என்பதால், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் கன்சோலைத் திறந்ததுமே எச்சரிக்கை காட்டுகின்றன.

தளம் நடத்துவோருக்கு இதிலிருந்து பெறப்படும் விதி தெளிவானது. உலாவியில் ஓடும் சோதனை, பிழையை உடனே சுட்டிக்காட்டிப் பயனரின் நேரத்தை மிச்சப்படுத்தலாமே தவிர, தளத்தைக் காக்காது. வயது வரம்பாயினும், விலையாயினும், முன்பதிவின் எண்ணிக்கையாயினும் சர்வரில் மறுபடியும் சரிபார்க்கப்பட வேண்டும். வாசகருக்கும் அதே விதி வேறு வடிவில் பொருந்துகிறது. பக்கத்தின் திரைப்பிடிப்பைச் சான்றாக யாரேனும் காட்டினாலோ, திரையில் தெரியும் தொகையைச் சுட்டி அவசரப்படுத்தினாலோ, தம் கருவியில் தாமே அப்பக்கத்தைப் புதிதாகத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதே அறிவுடைமை.